ஒரு மணி 20 நிமிஷம்னு யார் சொன்னது?

சென்னையிலிருந்து மதுரைக்கு விமானத்தில் எவ்வளவு நேரம்? போனைத் திறந்து பார்த்தால் ஒரு மணி 20 நிமிஷம் போலக் காட்டும். போன வருஷம் ஒரு விடியற்காலை அதை நம்பித்தான் அப்பாகிட்ட சொன்னேன்: "பிளைட்ல ஒரு மணி 20 நிமிஷம்தான்ப்பா, வந்துடறேன்." அப்பத்தா தவறிப்போன நாள் அது.

நீங்களும் இதைச் சொல்லியிருப்பீர்கள். அதனால் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

இரண்டு விமான நிலையங்களுக்கும் நேர்கோட்டில் சுமார் 420 கி.மீ. ஒரு ஜெட் விமானம் மணிக்கு 830 கி.மீ. வேகத்தில் பறந்தால் அரை மணி நேரம் போதும். ஆனால் அந்த வேகம் உயரே போன பிறகுதான். 10,000 அடிக்குக் கீழே 250 நாட்ஸ், அதாவது மணிக்கு சுமார் 460 கி.மீ.-க்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவான விதி. ஏறணும், இறங்கணும், ஓடுபாதைக்குக் காத்திருக்கணும். டிக்கெட்டில் இருப்பது 'பிளாக் டைம்': விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து, போய் நிற்கும் வரை. அது விமானத்தின் பயண நேரம். உங்களுடையது இல்லை.

என்னுடையது இப்படி இருந்தது. ஆவடி பக்கம் ஹாஸ்டலில் காலை 6 மணிக்குக் கிளம்பினேன். ஏர்போர்ட் போக ஒன்றரை மணி. கவுன்டரை ஒரு மணி நேரம் முன்னாடியே மூடிவிடுவார்கள் என்பதால் உள்ளே ஒன்றரை மணி. விமானம் ஒரு மணி 20 நிமிஷம். பெட்டி எடுத்து வெளியே வர 20 நிமிஷம். உசிலம்பட்டிக்கு ரோட்டில் ஒரு மணி 20 நிமிஷம். மொத்தம் 6 மணி நேரம்.

கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சரில் ஆம்தால் விதி படித்தோமே, 1967-ல் ஜீன் ஆம்தால் சொன்னது? ஒரு பகுதியை மட்டும் எவ்வளவு வேகமாக்கினாலும், மீதிப் பகுதிதான் மொத்த நேரத்தை முடிவு செய்யும். நடுவானில் அந்த வேகத்தை இரண்டு மடங்காக்கினாலும் என் 6 மணி நேரத்தில் 15 நிமிஷம்தான் மிச்சமாகியிருக்கும். பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கினேன். வாழ்க்கையில் போட்டுப் பார்க்கத் தோணல.

விமானம் வேண்டாம்னு சொல்ல வரல. அன்னைக்கு ரயிலில் போயிருந்தால் இன்னும் லேட்டாகியிருக்கும். நான் தப்பு பண்ணினது அப்பாவுக்குச் சொன்ன நேரத்தில். "பையன் பிளைட்ல வர்றான், ஒன்பது மணிக்கெல்லாம் வந்துருவான்"னு அவர் ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கார். நான் போய்ச் சேர்ந்தப்போ மணி 12. வெயிலில், பந்தலுக்கு வெளியே வயசானவங்க வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தாங்க. யாரும் திட்டல. அப்பா மட்டும், "ஒரு மணி நேரம்னுதானப்பா சொன்ன?"ன்னார்.

அதனால ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். வீட்டில் யாராவது "எப்ப வருவ?"ன்னு கேட்டா, ஆப் காட்டும் நேரத்தைச் சொல்லாதீங்க. ஹாஸ்டல் வாசலிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் கணக்குப் போட்டுச் சொல்லுங்க. அந்த நேரத்தை நம்பி அங்க ஆளுங்க காத்திருப்பாங்க.