அகழி இல்லாத ஏரிகள்

பெரம்பலூர் மாவட்டத்து ரஞ்சன்குடிக் கோட்டையைச் சூழ்ந்துள்ள அகழி, பகைவர் உள்நுழையாமல் தடுப்பதற்காக அமைக்கப்பட்டது. நீர்நிலைகளுக்கு அத்தகைய அரண் ஏதுமில்லை. வானம் பார்த்த இம்மண்ணில் ஓர் ஏரி நிரம்பினால், அதன் உபரிநீர் கலிங்கு வழியே வழிந்து அடுத்த ஏரியைச் சேரும். நீரோடு மீனும் செல்லும். ஓரிடத்தில் விடப்பட்ட அயல்மீன் பல ஊர்களுக்குப் பரவுவது இவ்வாறே.

மக்கள் 'ஜிலேபி' என்று அழைக்கும் திலேப்பியா மீனின் தாயகம் ஆப்பிரிக்கா. எளிய மக்களுக்குக் குறைந்த விலையில் புரத உணவு கிடைக்க வேண்டும் என்னும் நோக்கத்துடன் 1952ஆம் ஆண்டு அது இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. நோக்கம் நன்றே, மீனின் இயல்போ கட்டுக்கு அடங்காதது. பிறந்த சில மாதங்களிலேயே அது இனப்பெருக்கம் செய்யத் தொடங்குகிறது; ஓராண்டில் பலமுறை முட்டையிடுகிறது. தாய்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் தன் வாய்க்குள் வைத்துக் காப்பதால் அவற்றுள் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்கின்றன. 1959இல் இந்திய மீன்வள ஆய்வுக் குழு இம்மீனைப் பரப்புவதற்குத் தடை விதித்தது. அதற்குள் அது பல நீர்நிலைகளை அடைந்துவிட்டது. பின்னாளில் அமராவதி நீர்த்தேக்கத்தில் பிடிபடும் மீன்களுள் பெரும்பங்கு ஜிலேபியாகவே ஆயிற்று.

ஏழை வீட்டுக் குழம்பில் மீன் கிடப்பது ஜிலேபியால்தானே என்று வாதிடுவோர் உண்டு. அவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும், சங்கப் புலவர்கள் பாடிய ஆரலும் அயிரையும் ஏழையின் உணவாகவே இருந்தன. வாய்க்காலிலும் வயலிலும் விலையின்றிக் கிடைத்தன. இரைக்கும் இடத்துக்கும் நிகழும் போட்டியில் இத்தகைய நாட்டு மீன்கள் பின்தள்ளப்படுகின்றன. ஜிலேபியும் அளவுக்கு மீறிப் பெருகினால், இரை போதாமல் வளர்ச்சி குன்றிச் சிறுத்துவிடுகிறது. பலவகை மீன்களை இழந்து பெறுவது சிறுத்த ஒருவகை மீனே எனில், அது ஏழைக்கும் ஆதாயமன்று.

பரவிவிட்ட மீனை முற்றிலும் அகற்றுதல் அரிது. அதைப் பிடித்து உண்பதில் தவறில்லை. புதிய நீரில் விடுவதே தவறு. ஏரிகளில் நாட்டு மீன்குஞ்சுகளையே விடுதல் வேண்டும். வளர்ப்புக் குளங்களில் நீர் வெளியேறும் வழிகளை வலையிட்டுக் காத்தல் வேண்டும். வீட்டுத் தொட்டியில் வளர்த்துச் சலித்த அழகுமீனை ஏரியில் கொட்டாதிருத்தல் வேண்டும். முதலிரண்டும் அரசும் மீன் வளர்ப்போரும் செய்ய வேண்டியவை. மூன்றாவது, ஒவ்வொரு மாணவராலும் இன்றே கடைப்பிடிக்க இயலும்.