பாலத்துக்கு இந்தப் பக்கமும் பிள்ளைகள் இருக்கிறார்கள்

பினாங்கு மாநிலச் சமூக நலத்துறைக்குப் பொறுப்பான ஆட்சிக்குழு உறுப்பினர் அவர்களுக்கு,



அரசாங்கம் ஒன்றுமே தருவதில்லை என்று சொன்னால் அது பொய். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைக்குக் கற்றல் குறைபாட்டுப் பிரிவில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயு அட்டை கிடைக்கும். சமூக நல இலாகாவின் பிடிகே எனும் சமூக மறுவாழ்வு மையத்தில் சேர்த்தால் மாதம் 150 ரிங்கிட். பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்புக்குப் போனாலும் அதே 150. வளர்ந்து குறைந்த சம்பள வேலையில் சேர்ந்தால் 450. மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008-லேயே வந்துவிட்டது. எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது என்பது 2019 முதல் கல்வி அமைச்சின் கொள்கை.

இதையெல்லாம் எங்கள் ஊரான சுங்கை பாக்காப்பில் பிள்ளை பெற்ற தாய்க்கு யார் சொல்கிறார்கள்? பெரும்பாலும் பக்கத்து வீட்டு அக்காதான். அதுவும் பிள்ளைக்கு இரண்டு, மூன்று வயதான பிறகு.

போய்விட்ட அந்த வருடங்கள்தான் முக்கியமானவை. இப்பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இதயத்தில் பிறவிக் கோளாறு இருக்கும். பிறந்ததுமே ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். தைராய்டு, காது இரண்டையும் விடாமல் சோதிக்க வேண்டும். தசை தளர்ந்திருப்பதால் பால் உறிஞ்சுவதிலிருந்து நடப்பது, பேசுவது வரை ஒவ்வொன்றுக்கும் பயிற்சி தேவை. சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம்.

யாரும் எதுவும் சொல்லாத வீட்டில் உறவினர்கள் பேசத் தொடங்குவார்கள். கிரகணத்தன்று வெளியே போனாள், போன ஜென்மத்துப் பாவம், அந்த வீட்டு இரத்தமே அப்படி. உண்மையில், 21-ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதே காரணம் என்று பிரெஞ்சு மருத்துவர் லெஜூன் 1959-இல் காட்டிவிட்டார். தாய் செய்த எதனாலும் இது வருவதில்லை; பெரும்பாலும் பரம்பரையாகவும் வருவதில்லை. இந்த இரண்டு வரியைத் தமிழில் ஒரு தாதி சொல்லியிருந்தால் எத்தனை மாமியார்களின் வாய் அடங்கியிருக்கும்!

அடுத்தது தூரம். எங்கள் ஊரில் மாவட்ட மருத்துவமனை இருக்கிறது. ஆனால் நிபுணரைப் பார்க்க வேண்டுமென்றால் செபராங் ஜெயாவுக்கோ, தீவிலுள்ள பினாங்கு மருத்துவமனைக்கோதான் போக வேண்டும். ஏசியா கம்யூனிட்டி சர்வீஸ் போன்ற அமைப்புகள் இப்பிள்ளைகளுக்காக நல்ல பணி செய்கின்றன, அவையும் தீவில்தான். தீவுக்குப் போகும் 24 கிலோமீட்டர் நீள இரண்டாவது பாலம் 2014-இல் எங்கள் மாவட்டத்துப் பத்து காவானிலிருந்துதான் திறக்கப்பட்டது. கார் உள்ளவர்களுக்கு அது வரம். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்து, மோட்டாரில் குடும்பத்தை ஏற்றிப் போகும் அப்பாவுக்கோ, பிள்ளையைப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். நாலு தடவை போவார்கள், பிறகு நின்றுவிடும். பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று கோப்பில் யாரோ எழுதுவார்கள்.

படுத்த படுக்கையாகக் கிடப்பவரைப் பராமரிப்போருக்கு இலாகா மாதம் 500 ரிங்கிட் தருகிறது; நியாயம்தான். ஓடியாடும் பிள்ளை ரோட்டுக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட தாய்க்கு அந்தக் கணக்கில் இடமில்லை. இது கூட்டரசு விவகாரம் என்பீர்கள். அங்கே எடுத்துச் சொல்லவாவது எங்களுக்கு ஒரு குரல் வேண்டாமா?

உங்கள் அதிகாரத்துக்குள் முடிவதைக் கேட்கிறேன். சுங்கை பாக்காப் மருத்துவமனையிலும் சுற்றுவட்டாரக் கிளினிக்குகளிலும், எந்தச் சோதனை எப்போது, ஓகேயு பாரம் எங்கே, யாரைக் கேட்பது என்று தமிழில் ஒரே ஒரு தாள் கிடைக்கச் செய்யுங்கள். மாதத்தில் ஒரு நாளாவது பயிற்சியாளர்கள் இங்கே வரட்டும். அதே நாளில் பெற்றோர் கூடிப் பேச ஒரு மண்டபம் கொடுங்கள். ஒரு தாய் இன்னொரு தாயிடம் கற்பதை எந்த அதிகாரியும் சொல்லித்தர முடியாது.

1980-களின் தொடக்கத்தில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 25 வயது. இன்று வளர்ந்த நாடுகளில் 60. நாங்கள் போன பிறகும் பிள்ளைகள் இருப்பார்கள். அப்போது யார் பார்ப்பார் என்பதற்குப் பதில் தேடும் வேலையையும் இந்தக் கூட்டங்களில்தான் தொடங்க முடியும்.

மார்ச் 21, உலக டவுன் சிண்ட்ரோம் தினம். அடுத்த முறை மேடையும் கேக்கும் வேண்டாம். அந்தச் செலவில் தாளை அச்சடித்து எங்கள் மருத்துவமனைக்கு அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
சுங்கை பாக்காப் வாசி ஒருவர்