கத்தி தந்த பெயர்கள்

ஓசையில் ஒத்த இரு சொற்களைக் கண்டதும், அவை ஒரே வேரினின்று பிறந்தனவென முடிவுகட்டும் பழக்கம் சொல்லாராய்ச்சியில் இறங்குவார் பலரிடம் உண்டு. அது எத்துணைத் தவறானது என்பதை உணர்த்த, ஜேர்மானிய மொழிகளில் வழங்கிய ஒரு படைக்கலப் பெயரின் வரலாறே போதும்.

அம்மொழிகளை ஒப்புநோக்கி அறிஞர் மீட்டெடுத்த மூலவடிவம் 'ஸஹ்ஸ' என்பதாகும். ஒருபுறம் கூருடைய கத்தியையும் குறுவாளையும் அது குறித்தது. வெட்டுதற்பொருள் தரும் இலத்தீன் 'ஸெகாரே'யும் அதற்கு உறவு என்பர். பழைய ஆங்கிலத்தில் அது 'ஸெயக்ஸ்' ஆயிற்று. 1857 இல் தேம்ஸ் ஆற்றிற் கிடைத்து, இன்று பிரித்தானிய நூதனசாலையில் உள்ள அத்தகைய கத்தியொன்றின் அலகிலே, ரூனிக் நெடுங்கணக்கின் 28 எழுத்துகளும் பதிக்கப்பட்டுள்ளன. கொலைக்கருவியே அரிச்சுவடியானமை விந்தையன்றோ!

இக்கத்தியை ஏந்தியமையாலேயே சாக்சனியர் அப்பெயர் பெற்றனர் என்பது பெரும்பாலோர் கொள்கை. இங்கிலாந்தின் எசெக்ஸ், சசெக்ஸ் என்பன முறையே கிழக்குச் சாக்சனியர், தெற்குச் சாக்சனியர் பெயரைத் தாங்கியவை. பின்லாந்து மக்களோ ஜேர்மனி முழுவதையுமே 'ஸக்ஸா' என்கின்றனர். சுவீடனில் 'ஸக்ஸ்' இன்று வெறும் கத்தரிக்கோல்.

இனி, ஜேர்மன் மொழியிற் கத்திக்கு 'மெஸ்ஸர்' என்று பெயர். 'மெஸ்ஸென்' என்றால் அளத்தல். செவியை மட்டும் நம்புவோர், அளந்து வெட்டுவது கத்தி என்று பொருள்கூறி மகிழ்வர். ஆனால், பழைய ஏடுகள் காட்டும் வடிவம் 'மெஸ்ஸிஸஹ்ஸ்'. உணவுக்கத்தி என்பது அதன் பொருள். முற்பகுதி ஆங்கில 'மீற்' என்பதற்கு உறவு; இன்று இறைச்சியைச் சுட்டும் அச்சொல் முன்னாளில் உணவு அனைத்தையும் குறித்தது. பிற்பகுதியோ நாம் கண்ட 'ஸஹ்ஸ' தான். ஸகரம் ரகரமாகத் திரிந்து, ஈறு தேய்ந்து, 'மெஸ்ஸர்' ஆயிற்று. ஆக, ஓசையால் நெருங்கிய 'மெஸ்ஸென்' அயலான். ஓசையால் விலகிய எசெக்ஸ் உறவினன்.

சொற்பிறப்புக் கற்பிக்கும் ஆசிரியர், "இது அதுபோல ஒலிக்கிறது" என்பதோடு நின்றுவிடலாகாது. "இடைக்காலத்தில் என்ன வடிவம் வழங்கிற்று? இத்திரிபு பிற சொற்களிலும் நிகழ்ந்ததா?" என்று கேட்க மாணவரைப் பழக்குதல் வேண்டும். விடை கிடையாதவிடத்து முடிபைத் தள்ளிவைத்தலே அறிவுடைமை. மொழிப்பற்று நன்றே, ஆயினும், சான்றின்மேல் எழாத பெருமை மொழிக்கு அரணாகாது.