உங்கள் கேமரா யார் பேச்சைக் கேட்கிறது?

சேலத்தில் ஓர் ஓட்டல். நூறு பேர் போன் செய்து மேஜை பிடித்து வைக்கச் சொல்கிறார்கள், ஒருவரும் வரவில்லை. மேஜைகள் காலி. ஆனால், பசியோடு வாசலில் நிற்பவருக்கு இடமில்லை!

இணையத்திலும் இந்த வேலை நடக்கிறது. 'பேசலாமா?' என்று ஒரு கருவி கேட்டால், சர்வர் 'பேசலாம்' என்று சொல்லி, இடம் ஒதுக்கிக் காத்திருக்கும். டிசிபி என்ற விதிமுறை அப்படி. லட்சக்கணக்கில் கேட்டுவிட்டு யாரும் பேசாவிட்டால், சர்வர் திணறிவிடும். இதற்கு 'சின் ஃப்ளட்' என்று பெயர். எதுவும் திருடு போகாது. நிஜமாக வருபவருக்குக் கதவு திறக்காது, அவ்வளவுதான். 1996-ல் நியூயார்க்கின் பேனிக்ஸ் என்ற இணைய நிறுவனம் இப்படித்தான் முடங்கியது.

பிறகு 'டோக்கன்' போல ஒரு முறை வந்தது. திரும்பி வந்து டோக்கனைக் காட்டினால்தான் இடம். ஆனாலும் கூட்டம் பெரிதானால் வாசலே அடைபடுமே!

அத்தனை கூட்டத்துக்கு ஆள் எங்கே? நம் வீடுகளில்தான். 2016 அக்டோபர் 21 அன்று ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் பலருக்குத் திறக்கவில்லை. பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களைப் பிடித்து ஏவிய 'மிராய்' வைரஸின் வேலை அது. 2017 ஜூலையில் நம் பி.எஸ்.என்.எல். மோடங்கள் பல வைரஸால் செயலிழந்தன. கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று நிறுவனமே கேட்டுக்கொண்டது.

நாமக்கல் கோழிப்பண்ணை கேமராவுக்கும் இது பொருந்தும். ஆஃப் செய்து ஆன் செய்தால் மிராய் போய்விடும். பாஸ்வேர்டை மாற்றாவிட்டால் திரும்ப வரும். எனவே, இன்றே மாற்றுங்கள். அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

ஊருக்கே தெரிந்த சாவியால் பூட்டி என்ன பயன்?