வீரமும் நாணமும்

கொல்லிமலையின் செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை நிற்கிறது. ஆடித் திங்களில் அரசு அவனுக்கு அங்கே விழா எடுக்கிறது. அச்சிலையைக் காணும் இளைஞர்க்கு, வில்லாற்றலே ஆண்மை என்று தோன்றுவது இயல்பு. அது முழு உண்மையாகுமா?

போர், ஆண்மைக்கு வகுத்த இலக்கணத்தை அறியப் போர்க்களம் கண்டோரின் சொற்களையே நாடவேண்டும். புறநானூற்றின் 72ஆம் பாடல், தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனுடையது. ‘இவன் இளையன்’ எனப் பகைவர் நகைத்தமையே அவனுடைய வஞ்சினத்திற்குக் காரணமாயிற்று. 74ஆம் பாடல், சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறையுடையது. இறந்த குழவியையும் வாளால் வெட்டத் தவறாத மரபில் வந்த அவன், பகைவரிடம் நீரை இரந்து பெறும் நிலைக்கு நாணுகிறான். இவ்விருவரும் இறப்புக்கு அஞ்சவில்லை; இகழ்ச்சிக்கே அஞ்சினர். ஆண்மை என்று நாம் போற்றுவதன் அடியில் இவ்வச்சம் மறைந்திருக்கிறது.

இவ்விலக்கணத்தை ஆடவர் மட்டும் வகுக்கவில்லை. போரில் உறவினரையும் கணவனையும் இழந்தபின்னும், ஒரே மகனின் கையில் வேலைக் கொடுத்து அனுப்பும் தாயைப் பாடியவர் ஒக்கூர் மாசாத்தியார். களத்தில் ஆண் ஏந்த வேண்டிய சுமை, வீட்டிலேயே அவன் தோளில் ஏற்றப்படுகிறது.

முதல் உலகப்போர் இச்சுமையை உலகறியச் செய்தது. போர் அதிர்ச்சியால் உளம் நொந்து 1917இல் மருத்துவம் பெற்ற ஆங்கிலக் கவிஞர் வில்ஃபிரட் ஓவன், வீரமரணம் இனியது என்னும் பழங்கூற்றைப் பொய்யென மறுத்தார். 1918 நவம்பர் 4ஆம் நாள், போர் ஓய ஒரு வாரமே இருக்கையில், களத்தில் மடிந்தார். அதே போரில் காயமுற்ற ஜெர்மானியர் எரிக் மரியா ரெமார்க், படைவீரரின் அச்சத்தையும் அழுகையையும் நாவலாக்கினார். 1933இல் நாஜிகள் அந்நூலைத் தீயிலிட்டனர். வீரனைப் போற்றும் கூட்டமே அவன் உண்மை பேசும்போது செவியை மூடிக்கொள்கிறது!

வீரம் ஆணுக்கே உரியதா? 1943இல் சிங்கப்பூரில் நேதாஜி அமைத்த ஜான்சிராணிப் படை இதற்கு விடை தந்தது. டாக்டர் இலட்சுமி தலைமையேற்ற அப்படையில், மலேயாத் தோட்டங்களில் உழைத்த தமிழ்ப் பெண்கள் பலர் துப்பாக்கி ஏந்தினர். எனினும், பெண் ஆயுதம் ஏந்துவதால் மட்டும் பழைய அளவுகோல் மாறிவிடாது. ‘ஆணுக்கு நிகரானவள்’ என்று அவளைப் புகழும்போது, ஆணே மீண்டும் அளவாகிறான்.

நாட்டைக் காக்கத் துணிவு வேண்டாவா எனச் சிலர் கேட்கலாம். வேண்டும். ஆனால், துணிவு வேறு. துயரை மறைத்தல் வேறு. களத்திலிருந்து திரும்பியவன் அழுதால் அவன் வீரம் குறைவதில்லை.

இனி, ஓரியிடம் திரும்புவோம். ஓர் அம்பால் யானை முதல் உடும்பு வரை வீழ்த்திய அவனை வன்பரணர் பாடினார். புகழ்மொழி கேட்ட ஓரி நாணினான். பின்னர்ப் பாணர்க்கு ஊனும் பொன்னும் அளித்தான். நாணத்தைப் பெண்ணுக்குரிய குணமென வகுத்த மரபிலேயே, அது பெருவீரன் ஒருவனுக்கு அணியாயிற்று. காரியுடன் நிகழ்ந்த போரில் ஓரி மாண்டான். கொல்லியும் சேரர் வசமாயிற்று. எனினும், கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக அவன் இன்றும் வாழ்கிறான்.

செம்மேட்டுச் சிலையின்முன் நிற்கும் மாணவர்கள் அவன் வில்லை மட்டுமன்று, அவன் நாணத்தையும் கொடையையும் நினைக்கட்டும். ஆண்மைக்கும் பெண்மைக்கும் பொதுவான மாந்தநேயம் அங்கிருந்தே தொடங்கும்.