அறிவிப்பு வந்தால்தான் அச்சமா?

உண்மையும் நாணயமும் உடைய வணிகர், மறுமையில் நபிமார்களோடும் உண்மையாளர்களோடும் இருப்பார் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நன்மாராயம் கூறியதாகத் திர்மிதியில் பதிவாகியுள்ளது. வணிகத்தையே வாழ்வாகக் கொண்ட நம் கடற்கரைச் சமுதாயத்துக்கு இதைவிட ஊக்கமூட்டும் சொல் வேறில்லை. ஆனால், அந்த நாணயத்துக்கு இக்காலத்தில் புதியதொரு சோதனை வந்திருக்கிறது. அது தராசிலும் இல்லை, முழக்கோலிலும் இல்லை. மேசைமீது இருக்கும் கணினிக்குள் இருக்கிறது.

தூத்துக்குடி வட்டாரத்தில் கல்விக்குப் பெயர்பெற்ற சிற்றூர் சாயர்புரம். ஜி. யு. போப் 1840களில் கல்விச்சாலை நடத்திய ஊர். இன்றும் அவர் பெயரால் கல்லூரி விளங்கும் ஊர். கல்விக்கூடங்கள் உள்ள இடத்தில் தட்டச்சு நிலையங்களும், நகலெடுக்கும் கடைகளும், அச்சு வடிவமைப்பு நிலையங்களும் பெருகுவது இயல்பே. அங்கெல்லாம் கணினி இல்லாமல் இன்று வேலை நடவாது. கணினியை இயக்கவும், எழுத்துக் கோக்கவும், படம் திருத்தவும், கணக்கு எழுதவும் விண்டோஸ், போட்டோஷாப், டாலி முதலிய மென்பொருள்கள் வேண்டும். கணினிக்கு விலை கொடுத்தவர்களில் பலர் மென்பொருளுக்கு விலை கொடுப்பதில்லை. விற்றவரே பூட்டுடைத்த படியொன்றை ஏற்றித் தந்துவிடுகிறார், வாங்கியவரும் கேட்பதில்லை.

பின்னர் ஒருநாள் மென்பொருள் நிறுவனத்திடமிருந்தோ அதன் வழக்கறிஞரிடமிருந்தோ நோட்டீசு வருகிறது: "எங்கள் மென்பொருளை உரிமமின்றிப் பயன்படுத்துகிறீர்கள், கணக்குக் காட்டுங்கள்." அப்பொழுதுதான் வீட்டில் தூக்கம் போகிறது. இந்த நிலைமையில் ஒரு முஸ்லிம் எங்ஙனம் நடந்துகொள்ள வேண்டும் என்பதே நாம் சிந்திக்க வேண்டியது.

முதலில் நாட்டுச் சட்டத்தைத் தெரிந்துகொள்வோம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், கணினி நிரலையும் நூலைப் போன்ற ஓர் இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. திருட்டுப் படி என்று தெரிந்தே அதைக் கணினியில் பயன்படுத்துவோருக்கு, அச்சட்டத்தின் 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஆதாயத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்தாதவருக்குச் சிறையின்றி அபராதம் மட்டும் விதிக்க நீதிமன்றத்துக்கு இடமுண்டு. கணினிகளில் உரிமமற்ற மென்பொருளை ஏற்றி விற்ற ஒரு வணிகர், மைக்ரோசாப்ட் நிறுவனத்துக்கு 19.75 இலட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டுமென்று 2005இல் தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இது சட்டத்தின் நிலை. மார்க்கத்தின் நிலை யாது?

"தொட்டுப் பார்க்க இயலாத ஒன்று பொருளாகுமா? நான் ஒரு படி எடுத்ததனால் அவரிடம் இருந்தது குறைந்துவிட்டதா?" என்று கேட்பார் உண்டு. இந்த வினாவை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். பொருளின் பயன்பாடும், அஃதாவது மன்ஃபஅத்தும், சொத்தே என்பது ஷாஃபிஈ மத்ஹபு உள்ளிட்ட பெரும்பான்மை இமாம்களின் கருத்து. ஒருவர் வீட்டில் அவர் அனுமதியின்றி ஒரு மாதம் குடியிருந்துவிட்டு, "வீடு அப்படியேதான் இருக்கிறது, ஒரு செங்கல்லும் குறையவில்லை" என்று சொன்னால் வாடகைக் கடன் தீர்ந்துவிடுமா? ஹனஃபி மத்ஹபின் முற்கால அறிஞர்கள் பயன்பாட்டைத் தனிச் சொத்தாகக் கொள்ளவில்லை என்பது உண்மையே. ஆயினும், மக்கள் வழக்கு எதைச் சொத்தாக மதிக்கிறதோ அதற்கு அம்மத்ஹபின் பிற்கால அறிஞர்கள் இடம் கொடுத்துள்ளனர். இறுதியாக, 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நூலாக்கம், கண்டுபிடிப்பு, வணிகப் பெயர் ஆகியவற்றின் உரிமைகள் மார்க்கத்தால் காக்கப்பட்டவை. அவற்றில் அத்துமீறுதல் ஆகாது என்று தெளிவாகத் தீர்மானித்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மென்பொருளை ஏற்றும்பொழுது, "நிபந்தனைகளை ஒப்புக்கொள்கிறேன்" என்று அழுத்துகிறோம். அது ஒரு வாக்கு. உடன்படிக்கைகளை நிறைவேற்றுங்கள் என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனத்திலேயே முஃமின்களுக்கு இடப்பட்ட கட்டளை. சொத்தா, இல்லையா என்று வாதிடுவோரும் வாக்கு மீறலுக்கு விடை சொல்லியாக வேண்டும்.

"அவர்களோ பெருஞ்செல்வர்கள், நம்மவரும் அல்லர். இதனால் அவர்களுக்கு என்ன நட்டம்?" என்பது அடுத்த சமாதானம். இதுதான் மிகவும் ஆபத்தானது. நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவை விட்டுப் புறப்பட்ட வேளையை எண்ணிப் பாருங்கள். தம்மைக் கொல்லச் சூழ்ந்த குறைஷிகள் தம்மிடம் ஒப்படைத்திருந்த அமானத்துப் பொருள்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்காகவே, அலீ (ரலி) அவர்களை அங்கே நிறுத்திச் சென்றார்கள். முகீரா இப்னு ஷுஅபா (ரலி) அவர்கள், இஸ்லாத்துக்கு முன் தம்முடன் பயணம் செய்தோரைக் கொன்று, அவர்களுடைய பொருளைக் கவர்ந்துகொண்டு மதீனா வந்தார்கள். அவர்கள் இஸ்லாத்தைத் தழுவியதை ஏற்ற நாயகம் (ஸல்) அவர்கள், அந்தப் பொருளோடு தமக்கு எத்தொடர்பும் இல்லையென்று விலக்கினார்கள். இதனை இமாம் புகாரி பதிவுசெய்துள்ளார்கள். பறிகொடுத்தவர் முஸ்லிமா என்று அங்கே பார்க்கப்படவில்லை. பொருள் வந்த வழியே பார்க்கப்பட்டது.

தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடைபெற்றது. சிப்பிகள் கரையேறியதும் அரசின் பங்கு, குளித்தவர் பங்கு என்று பிரிப்பார்கள். மூடிய சிப்பிக்குள் முத்து இருக்கிறதா என்பது எவர் கண்ணுக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத காரணத்தால், பிறர் பங்குச் சிப்பியை மடியில் ஒளிக்கலாம் என்று எவரும் தீர்ப்புக் கூறவில்லை. மென்பொருளும் அத்தகையதே.

ஆகவே, நோட்டீசு வந்தவர் செய்ய வேண்டியவை இவை. முதலாவது, விசாரிப்பது. நம்பத்தகாதவன் செய்தி கொண்டுவந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயம் பணிக்கிறது. நிறுவனத்தின் பெயரால் பணம் பறிக்கும் போலிகளும் உலவும் காலம் இது. அனுப்பியவர் யார், அவருக்கு அதிகாரம் உண்டா என்று வழக்கறிஞர் மூலம் உறுதிசெய்த பின்னரே பதில் எழுதுக.

இரண்டாவது, தம் கணக்கைத் தாமே பார்ப்பது. எத்தனை கணினிகள், எவற்றுக்கு ரசீதும் உரிமமும் உள்ளன, எவற்றுக்கு இல்லை என்று எழுதிக்கொள்க. உரிமம் உள்ளவர் அஞ்ச வேண்டியதில்லை. வழக்குத் தொடுப்பவரே சான்று காட்ட வேண்டும் என்பது மார்க்கத்தின் விதி. நியாயத்துக்கு மேற்பட்ட தொகை கேட்டால் மறுத்துரைக்கவும் உரிமை உண்டு.

மூன்றாவது, பொய்யை நாடாதிருப்பது. முன் தேதியிட்ட ரசீது வாங்குவதும், தடயத்தை அழித்துவிட்டு "பயன்படுத்தவேயில்லை" என்று எழுதுவதும், ஒரு பாவத்தை மறைக்க மற்றொரு பாவத்தைச் செய்வதாகும். சுல்ஹு என்னும் சமாதான உடன்பாடு ஃபிக்ஹு நூல்களில் தனிப் பாடமாகவே உள்ளது. உண்மையை ஒப்புக்கொண்டு, உரிய உரிமத்தை வாங்கி, கடந்த காலத்துக்கு நியாயமான தொகை பேசித் தீர்த்துக்கொள்வது இழிவன்று, கண்ணியமே.

விலை கொடுக்க வசதியில்லாத ஏழைக்கு என்ன வழி என்று கேட்கலாம். வழி அடைபடவில்லை. தம் உழைப்பை எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், படியெடுத்தும் வழங்கலாம் என்று ஆக்கியோரே மனமுவந்து பொதுவில் விட்ட மென்பொருள்கள் உள்ளன. நம் வழக்கில் சொன்னால், அவை வக்ஃபு செய்த கிணற்றைப் போன்றவை. லினக்ஸ் கணினியை இயக்கும். லிப்ரே ஆபீஸ் தமிழிலும் எழுதும், கணக்கும் போடும். படம் திருத்த கிம்ப், பக்கம் அமைக்க ஸ்கிரைபஸ் உண்டு. 2007 அளவிலேயே தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பாஸ் லினக்ஸும் சேர்த்தே வழங்கப்பட்டது. கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் இத்தகைய கட்டற்ற மென்பொருளிலேயே பாடம் படிக்கிறார்கள். பழகிய கைக்குச் சில நாள் சிரமம் இருக்கும், அவ்வளவே.

நோட்டீசு வராதவர்கள் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். கடன், கடிதம் வந்த அன்று பிறப்பதன்று. உரிமமின்றிப் பயன்படுத்திய அன்றே பிறந்துவிட்டது. இது ஹக்குல் இபாத், அடியார்களுக்குரிய உரிமை. தொழுது, நோற்று, தருமம் செய்தும், பிறர் பொருளை உண்டதனால் தம் நன்மைகளையெல்லாம் அவர்களிடம் இழந்து நிற்பவரே உண்மையான ஓட்டாண்டி என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. எனவே கடைவைத்திருப்போர் தம் கணினிகளையும், பெற்றோர் தம் பிள்ளைகளின் கணினிகளையும் இந்த ஜுமுஆ நாளிலேயே பார்வையிடுவார்களாக. நிறுவனத்தின் கடிதத்துக்கு வழக்கறிஞர் பதில் எழுதித் தரலாம். மறுமையின் ஏட்டுக்கு நாமே பதில் சொல்ல வேண்டும்.

வல்ல நாயன் நம் சம்பாத்தியத்தைத் தூய்மையாக்கி, பிறர் உரிமையைப் பேணும் நல்லடியார்களாக நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.