வீட்டுத் தோட்டத்துக்கு வயலின் மேல்மண் வேண்டுமா?

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் முதலிய ஊர்களில் பூர்வீக வீடுகளைப் பழுதுபார்த்துக் குடியிருப்போரும், அவற்றை விடுதிகளாக்கி நடத்துவோரும், புதிதாக வீடு கட்டுவோரும் வீட்டைச் சுற்றித் தோட்டம் போடுவதில் ஊக்கங் காட்டுகின்றனர். இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், தோட்டம் என்றவுடன் முதற் காரியமாக, “பத்து லோடு நல்ல மண் அடித்துவிடு” என்று லாரிக்காரருக்குச் சொல்லிவிடும் வழக்கம் விவசாயத்துக்கு நன்மை செய்வதன்று. அந்த நல்ல மண் எங்கிருந்து வருகிறது என்று விசாரிப்போர் மிகச் சிலர். கண்மாயிலிருந்து முறைப்படி வருமாயின் கவலையில்லை. ஒரு பட்டாதாரரின் புஞ்சையிலிருந்து மேலாகச் சுரண்டி வருமாயின், அங்கே நடப்பது மண் வியாபாரம் அன்று. பூமியின் தோலை உரித்து விற்பதேயாகும்.

செட்டிநாட்டுப் பூமியின் இயல்பு இப் பத்திரிகையை வாசிப்போர் அறியாததன்று. பெரும்பாலும் செம்மண்; பல இடங்களில் சிறிது ஆழத்திலேயே செம்புறாங்கல் தட்டுப்படும். மழை பெய்தால் மேலே ஏடு கட்டும்; வெயில் அடித்தால் அந்த ஏடு இறுகி முளையை மேலே வரவொட்டாது. ஜலத்தைப் பிடித்து வைக்கும் சக்தியும், மக்கின பொருளும் குறைவு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் தங்கள் வறண்ட நில ஆராய்ச்சி நிலையங்களுள் ஒன்றைச் செட்டிநாட்டில் அமைத்திருப்பதும் காரணமின்றியன்று. இத்தகைய பூமியில் கடலையோ கேழ்வரகோ விளைகிறதென்றால், அது மேலுள்ள அரையடியின் உபயமேயாகும். எருப் போட்டதும், ஆட்டுக்கிடை மறித்ததும், வேரும் தாளும் மக்கியதும் அந்த அரையடியில்தான் தங்கியிருக்கின்றன. அதற்குக் கீழே இருப்பது மண்ணின் உருவமுடையதே தவிர, பயிருக்குத் தாயாகாது.

இதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நலம். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. அரையடி ஆழத்துக்கு எடுத்தால் 21,780 கன அடி. லாரி வியாபாரத்தில் 100 கன அடி ஒரு யூனிட் ஆதலால், இது ஏறத்தாழ 218 யூனிட். எடையில் சுமார் 9 லட்சம் கிலோ. கேட்பதற்குப் பெருந் தொகையாய்த் தோன்றும். ஆனால் வாங்குகிறவர் பக்கம் நின்று பாருங்கள். 1,000 சதுர அடித் தோட்டத்துக்கு அரையடி மண் பரப்ப 5 யூனிட் வேண்டும். அந்த 5 யூனிட்டும் வயலின் மேலரையடியிலிருந்து வந்ததாயின், 1,000 சதுர அடி வயல் தரிசாயிற்று என்று பொருள். ஓர் அடித் தோட்டத்துக்கு ஓர் அடி வயல்! இதில் தேசத்துக்கு ஆதாயம் ஏது? குரோட்டன்ஸ் செழிக்கக் கடலை காய்ந்தது என்பதே மிச்சம்.

மண்ணை விற்கும் பட்டாதாரரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. வானம் பொய்த்த வருஷத்தில் லோடு ஒன்றுக்கு ரொக்கம் என்று வாசலில் வந்து நிற்பவரைத் திருப்பியனுப்புவது எளிதன்று. மேலும், “உங்கள் செய் மேடாயிருக்கிறது, மண்ணை எடுத்துத் தாழ்த்திக் கொடுத்தால் கண்மாய் ஜலம் தானே ஏறும்” என்று அவர் சொல்லும் வார்த்தையில் சில இடங்களில் உண்மையும் உண்டு. அப்படி உண்மையிலேயே தாழ்த்த வேண்டிய செய்யாயிருந்தால், மேலரையடியை முதலில் வழித்து ஒரு மூலையில் அம்பாரமாய்க் குவித்துவிட்டு, அடிமண்ணை மட்டும் வேண்டிய அளவு அகற்றி, குவித்த மேல்மண்ணை மறுபடி பரப்பிச் சமன் செய்ய வேண்டும். இதற்கு வாடகை இயந்திரத்தின் வேலை கூடும் என்பதால் மண் எடுப்போர் தாமாக இதைச் செய்யமாட்டார்கள். முன்பணம் வாங்குவதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். தம் சொந்தப் பட்டா நிலமாயினும், மண்ணை எடுத்து வெளியே விற்பதற்குக் கனிம விதிகளின்படி அனுமதி வேண்டுமென்பதையும் பலர் மறந்துவிடுகின்றனர். ‘சவுடு’ என்ற பெயரால் அனுமதி பெற்று வேறு மண்ணும் மணலும் வெளியேறிய விவகாரங்கள் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை சென்றதை நாடறியும்.

இனித் தோட்டம் போடுகிறவருக்குச் சொல்ல வேண்டியது. முதலில் தம் காலடியில் உள்ள மண்ணைக் கவனிக்க வேண்டும். புது வீட்டுக்கு வானம் தோண்டும்போது மேல்மண்ணும் அடியிலுள்ள செம்புறாங்கல் நொறுங்கலும் ஒன்றாய்க் குவிகின்றன. அதன்மேல் சுண்ணாம்பும் சிமிட்டியும் உடைந்த ஓடும் விழுகின்றன. கட்டிடம் முடிந்தபின், “இவ்விடத்தில் ஒன்றும் வளராது” என்று முடிவு கட்டி மண்ணுக்கு ஆள் அனுப்புகின்றனர். கடைக்கால் தோண்டுமுன் ஒரு நாள் செலவிட்டு மேலரையடியைத் தனியே வழித்து, வேலைக்குத் தடையில்லாத ஓரத்தில் குவித்து, ஓலையோ வைக்கோலோ போட்டு மூடிவைத்தால், பிற்பாடு பாதி லோடும் தேவைப்படாது. கொத்தனார்களிடம் இதைச் சொல்வதற்கு வீட்டுக்காரர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பது எமக்கு விளங்கவில்லை.

அதற்குமேல் வேண்டியதற்குக் கண்மாய்க் கரம்பை இருக்கிறது. செம்மண்ணில் இல்லாத களியும் வண்டலும் அதில் உண்டு; நம் முன்னோர் கோடையில் வண்டி கட்டிக் கரம்பை அடித்ததன் கருத்தும் இதுவே. எடுப்பதால் கண்மாய்க்கும் ஆழம். 1959-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளில் இதற்கு இடமுண்டு. 2017-ஆம் வருஷத்தில் அரசாங்கத்தார் அறிவித்த அளவின்படி, நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டரும், புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டரும், மண்பாண்டத் தொழிலுக்கு 60 கன மீட்டரும், வீட்டுத் தேவைக்கு 30 கன மீட்டரும் கட்டணமின்றி எடுக்க வகை செய்யப்பட்டது. 2024-ஆம் வருஷத்தில் விதி மேலும் எளிதாக்கப்பட்டு, விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் வட்டாட்சியரே அனுமதி தரலாமென்று ஆயிற்று. வீட்டுத் தோட்டத்துக்கு வேண்டுவோர் வண்டி பேசுமுன் வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது உசிதம். 30 கன மீட்டர் என்பது 10 டிராக்டர் லோடு, அதாவது பத்தரை யூனிட்டுக்குச் சற்று மேல். இதைத் தனியாகவே பரப்பினாலும் 2,100 சதுர அடிக்கு அரையடி வரும். ஒரு பங்கு கரம்பைக்கு இரண்டு பங்கு சொந்தச் செம்மண் என்று கலந்தால் 6,000 சதுர அடிக்கும் போதும். கானாடுகாத்தானில் பெரிய வீட்டின் தோட்டத்துக்கும் இதற்குமேல் வேண்டியிராது.

கரம்பையென்றாலே குற்றமற்றது என்று எண்ணிவிடலாகாது. கோரைக் கிழங்கு அதில் ஏராளமாய் வரும். ஒரு முறை தோட்டத்தில் குடிபுகுந்த கோரை போக்கச் சொன்னால் போகாது. நெய்வேலிக் காட்டாமணக்கின் தண்டுத் துண்டுகளும், சீமைக்கருவேல் விதைகளும் உடன் வரும். ஆகையால் பங்குனி, சித்திரையில் எடுத்து, கட்டிகளை உடைத்து, மெல்லியதாய்ப் பரப்பி, வைகாசி முழுவதும் வெயிலில் காயவிட்டு, முளைத்ததைப் பொறுக்கிய பிறகே கலக்க வேண்டும். ஊர்ச் சாக்கடை விழும் ஊருணி மண்ணைத் தொடவே வேண்டாம். சில கண்மாய்களின் மண்ணில் உப்பு மிகுந்திருக்கும். கால் கிலோவை ஒரு பையிலிட்டு மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பிக் கார அமில நிலையையும் உப்பின் அளவையும் தெரிந்துகொள்ள ஆகும் செலவு, ஒரு லோடு வாடகையில் சிறு பங்கும் இராது. லாரி வாசலில் நிற்கும்போதே பார்க்கவேண்டுமானால் ஒரு கண்ணாடிச் சீசாவில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதிக்கு ஜலமும் விட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் நிமிஷத்தில் அடியில் படியும். வண்டல் சில மணி நேரத்தில். களி மறுநாள் வரை கலங்கி நிற்கும். குலுக்கி வைத்த நாழிகைக்குள் ஜலம் தெளிந்துவிட்டால், வந்திருப்பது கரம்பையன்று என்று தெரிந்துகொள்ளலாம்.

இங்கிலாந்தில் விற்பனைக்கு வரும் மேல்மண்ணுக்கென்றே 3882 என்ற எண்ணுள்ள தர நிர்ணயம் ஒன்று 1965 முதல் உண்டு. மணல், வண்டல், களி எவ்வளவு, மக்கு எவ்வளவு, கல் எவ்வளவு என்றெல்லாம் அதில் வரையறை இருக்கிறது. நம் பக்கத்தில் வாங்குகிறவர் கண்ணும் சீசாவுமே தரம்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘லோடு’ என்பது அளவன்று. தொட்டிக்குத் தொட்டி மாறும். டிராக்டர்ப் பெட்டியின் உட்புறம் 10 அடி நீளம், 6 அடி அகலம், ஒன்றரையடி உயரம் என்றால் மட்டமாய் 90 கன அடிதான்; அதை ஒரு யூனிட் என்று சொல்லி விலை வைப்பார்கள். நாடா கொண்டு அளந்து, யூனிட் கணக்கில் பேசி, சீட்டில் எழுதி வாங்குவதே முறை. அனுமதிச் சீட்டின் நகலையும் அப்போதே கேட்க வேண்டும். காட்டத் தயங்குகிறவரிடம் வாங்கலாகாது. புதிதாய்க் கொட்டின மண் ஒரு மழைக்குப் பின் அமிழும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்க. கொட்டுமிடத்தையும் முன்கூட்டிக் காட்ட வேண்டும். நம் பழைய வீடுகள் உயர்ந்த அஸ்திவாரத்தின்மேல் நிற்கின்றன. முற்றத்து ஜலம் வெளியேறக் கால்கள் வைத்திருக்கின்றனர். தோட்டத்தை அழகுக்காக உயர்த்தி அந்த வாய்களை மூடிவிட்டு, ஐப்பசி மழையில் சுவர் ஊறுகிறதென்று வருந்துவதில் பயனில்லை.

இதுவரை மண்ணைப் பற்றிச் சொன்னோம். உண்மையில் தோட்டத்துக்கு லோடு லோடாய் வேண்டியது மண்ணைவிட மூடாக்கே. வெயில் தகிக்கும் செம்மண்ணில் மூன்று அங்குல மூடாக்கு இருந்தால் ஈரம் நிற்கும், ஏடு கட்டாது, களை அடங்கும். அடியில் அது மக்க மக்க மேல்மண் அங்கேயே உண்டாகும். 1,000 சதுர அடிக்கு இரண்டரை யூனிட் போதும். இதை விற்பதில் விவசாயிக்குப் பூமி நஷ்டமில்லை. கடலைத் தோல், கரும்புச் சோகை, தம் பூமிக்குப் போக எஞ்சிய தழை, வேரோடு அகற்றித் துண்டாக்கிய சீமைக்கருவேல் கிளை ஆகிய இவை இன்று பெரும்பாலும் கொளுத்தப்படுகின்றன. கொளுத்தியதற்குக் காசு கொடுப்பாரில்லை. சீமைக்கருவேலில் காய் இல்லாத காலம் பார்த்து வெட்ட வேண்டும். இல்லாவிடில் மூடாக்கே காடாகும். தைலமரத் தழையைப் பச்சையாய் இடுவது சிறு செடிகளுக்கு ஆகாது. மரத்தூளையும் சீவலையும் மேலே பரப்பலாமேயன்றி மண்ணில் புதைத்துக் கொத்தலாகாது. மக்கும்போது செடிக்குரிய தழைச்சத்தை அவை இழுத்துக்கொள்ளும்.

தென்னை நார்க் கழிவைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். அது தன் எடையைப்போல் பல மடங்கு ஜலத்தைப் பிடிக்கும். பச்சைக் கழிவில் உப்பும் துவர்ப்புப் பொருளும் உண்டு. கரிமம் தழைச்சத்தைப்போல் நூறு மடங்கு இருப்பதால் தானாக மக்குவது வெகு தாமதம். வேளாண்மைப் பல்கலைக்கழக முறைப்படி சிப்பிக்காளான் வித்தும், டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் அடுக்கடுக்காய் இட்டு, ஈரங் காத்து வைத்தால் இரண்டு மாதத்தில் கறுத்த எருவாகும். அப்படி மக்கியதையே கேட்டு வாங்குக. எடைக்கு வாங்கலாகாது, ஏனெனில் நனைந்த கழிவை எடைபோட்டு வாங்குகிறவர் ஜலத்துக்கே விலை கொடுக்கிறார். கட்டியாய் அழுத்தி விற்பதில் 5 கிலோக் கட்டி ஊறினால் சுமார் 70 லிட்டர் ஆகும் என்பது கணக்குக்கு உதவும்.

மூடாக்குக்கு நம் ஊரில் ஒரு சத்துரு உண்டு, கறையான். பர்மாத் தேக்கை அது எளிதில் தொடாதெனினும், பழைய வீட்டு மரமெல்லாம் தேக்கன்று. சுவரிலிருந்து இரண்டடியும், மரத்தின் தூரிலிருந்து ஒரு சாணும் விட்டே மூடாக்கைப் பரப்ப வேண்டும். மழைக்கு முன் கனமாய்ப் பரப்பினால் முதல் மழை மண்ணுக்குள் இறங்காது. பூமி நன்றாய் நனைந்தபின், மார்கழிக் கடைசியில் பரப்பித் தை முதல் ஆடி வரை காப்பதே இப்பக்கத்துக்கு ஏற்றது.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கு எமது வேண்டுகோள் ஒன்றே. மாசி மாதத்திலேயே, தங்கள் எல்லைக்குட்பட்ட எந்தக் கண்மாய்களில் கரம்பை எடுக்க அனுமதி உண்டு, யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும், எத்தனை கன மீட்டர் என்பதைத் தமிழில் ஒரு பலகையில் எழுதிச் சாவடியில் வைக்கலாம். அதன் பக்கத்திலேயே மூடாக்குக்குரிய கடலைத் தோலும் சோகையும் விற்கச் சம்மதிக்கும் விவசாயிகளின் பெயரையும் எழுதலாம். தோட்டம் போடுகிறவர் லாரிக்காரரைத் தேடுமுன் அந்தப் பலகையைப் பார்த்தால், புஞ்சைக்கு வரும் மண்வெட்டி இயந்திரங்களில் பாதி திரும்பிப் போகும்.